அலமாரி உள்ளே போகும் என்று ஆறு பேரில் நான்கு பேர் சொன்னார்கள்

நான் எழுதிய செயலி செய்வது ஒரே ஒரு வேலை. போன் கேமராவைத் தரைப்பக்கம் காட்டினால், வாங்க நினைக்கும் அலமாரி அதே அளவில் அறைக்குள் நிற்பதுபோலத் திரையில் தெரியும். அகலம் 90 செ.மீ., ஆழம் 45, உயரம் 180. சுற்றி நடந்து பார்க்கலாம், விரலால் தள்ளலாம், திருப்பலாம். ஆக்மெண்டட் ரியாலிட்டி, தமிழில் மிகை மெய்ம்மை, பேச்சில் ஏஆர். முப்பரிமாணச் செயலிகள் கட்ட உதவும் யூனிட்டி மென்பொருளில், ஏஆர் ஃபவுண்டேஷன் என்ற கருவித்தொகுப்பை வைத்துக் கட்டினேன். அது ஆண்ட்ராய்டில் கூகுளின் ஏஆர்கோரையும் ஐபோனில் ஆப்பிளின் ஏஆர்கிட்டையும் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் நிரலை இரண்டுமுறை எழுத வேண்டியதில்லை.

பார்த்தவர்கள் எல்லாரும் "நல்லா இருக்கு" என்றார்கள். எனக்கு அது போதவில்லை. இதை நம்பி ஒருவர் பணம் கொடுத்து அலமாரி வாங்கி, அது வீட்டுக்குள் வந்தபிறகு இடம் போதாது என்று தெரிந்தால், அந்தத் தவறில் பாதி என்னுடையது. அதனால் முறையாக ஒரு பயனர் அனுபவச் சோதனை நடத்தினேன். அதில் செய்தது, கெட்டது, திருத்தியது எல்லாவற்றையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதலில் ஆளில்லாமல் ஒரு சோதனை

ஆட்களைக் கூப்பிடும் முன் செயலியை மட்டும் தனியாக அளந்தேன். வந்தவர் அலமாரியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால், கை தவறியதா போன் தவறியதா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. போனின் பிழை எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தரையில் ஒட்டுநாடாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதன்மேல் 10 செ.மீ. கனசதுரம் ஒன்றைத் திரையில் நிறுத்தினேன். போனைப் பிடித்தபடியே அறையை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து, கனசதுரம் குறியைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தேன். குறியின் பக்கத்தில் ஒரு ஸ்கேலைக் கிடத்திவிட்டால் போதும், கனசதுரத்தின் மூலை எந்தக் கோட்டில் விழுகிறது என்பதைத் திரையிலேயே படித்துவிடலாம். இப்படிப் பத்துச் சுற்று. பகல் வெளிச்சத்தில், பூவேலை செய்த விரிப்பு கிடந்த தரையில் விலகல் 1 முதல் 3 செ.மீ. இரவில் ஒற்றை விளக்கில், பளபளப்பான வெற்றுத்தரையில் 11 செ.மீ. வரை போனது.

இந்த வித்தியாசம் ஏன் என்பது புரிந்தால்தான் பின்னால் நடந்ததும் புரியும். போன் தன் இருப்பிடத்தை இரண்டு வழிகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒன்று, கேமராப் படத்தில் தனித்துத் தெரியும் புள்ளிகள்: விரிப்பின் பூ, நாற்காலிக் காலின் முனை, புத்தகத்தின் மூலை. அவை படத்துக்குப் படம் எப்படி நகர்கின்றன என்று தொடர்ந்து பார்க்கிறது. இன்னொன்று, போனுக்குள் இருக்கும் முடுக்கமானியும் சுழல்மானியும் தரும் அசைவுக்கணக்கு. வெள்ளைச் சுவரில் பின்தொடரப் புள்ளியே இல்லை. பளபளக்கும் தரையில் புள்ளிகள் இருக்கும், ஆனால் அவற்றில் பல வெறும் பிரதிபலிப்பு. நாம் நகர்ந்தால் அவையும் நகரும், போன் ஏமாந்துபோகும். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுக்கிறது, படம் இழுபடுகிறது, புள்ளிகள் கரைந்துவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. ஒற்றைக் கேமராவுக்குத் தூரம் தெரிய வேண்டுமென்றால் போன் இடம் பெயர வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அருகில் உள்ளது வேகமாகவும் தொலைவில் உள்ளது மெதுவாகவும் நகருமே, அதே சங்கதி. நின்ற இடத்திலேயே போனை மட்டும் திருப்பினால் இந்த வித்தியாசம் கிடைக்காது. இது எனக்குத் தெரியும். செயலியைத் திறப்பவருக்கு எப்படித் தெரியும்? பெரிய சிக்கல் ஒன்று அங்கேதான் காத்திருந்தது.

எதை அளப்பது

ஐஎஸ்ஓ 9241-11 தரநிலை பயன்பாட்டுத்தன்மையை மூன்றாகப் பார்க்கிறது: செய்ய வந்த வேலை சரியாக முடிந்ததா, எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவானது, செய்தவருக்கு மனநிறைவு உண்டா. ஏஆர் செயலிகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். இந்த மூன்றும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று ஃப்ரோக்யர், ஹெர்ட்சம், ஹார்ன்பேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000-லேயே எழுதியிருக்கிறார்கள். படித்திருந்தேன். அதன் கனம் உறைத்தது என் அறையில் பார்த்தபிறகுதான்.

முதல் அளவுகோலுக்கு, உண்மை முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்காக அறையில் மூன்று இடங்களைத் தேர்ந்து டேப் வைத்து அளந்தேன். முதல் இடம் 96 செ.மீ. இடைவெளி, அலமாரி நிற்கும். இரண்டாவது 86 செ.மீ.; நிற்காது. மூன்றாவதில் அகலம் தாராளம், ஆனால் பக்கத்தில் இருக்கும் கதவைத் திறந்தால் அலமாரியில் இடிக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வி: "இங்க இந்த அலமாரி நிக்குமா?" பதிலோடு, எவ்வளவு உறுதி என்று 1 முதல் 5-க்குள் ஓர் எண். உண்மை என்னவென்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

நேரத்துக்கு வீடியோ இருக்கிறது. மனநிறைவுக்குக் கேள்வித்தாள். இங்கே கொஞ்சம் பேராசைப்பட்டுவிட்டேன். பயன்படுத்த எளிதாக இருந்ததா என்று பொதுவாகக் கேட்கும், ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய எஸ்யூஎஸ், 10 வரிகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5-க்குள் ஓர் எண். கையில் பிடிக்கும் ஏஆருக்கென்றே சாண்டோஸும் உடன் பணியாற்றியவர்களும் 2014-ல் வெளியிட்ட ஹாரஸ், 16 வரிகள். ஹார்ட், ஸ்டேவ்லண்ட் இருவரின் 1988-ஆம் ஆண்டு நாசா டிஎல்எக்ஸ், உழைப்புச் சுமையை அளக்க 6 வரிகள். மொத்தம் 32. முன்னோட்டத்துக்கு வந்த நண்பர் அலமாரியை வைத்துப் பார்த்த நேரத்தைவிடத் தாளை நிரப்ப அதிக நேரம் எடுத்தார். இருபதாவது வரிக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் நடு எண்ணையே வட்டமிட்டுக்கொண்டு போனார். எஸ்யூஎஸ் முழுதையும், ஹாரஸில் கையாள்வது பற்றிய 8 வரிகளையும் மட்டும் வைத்துக்கொண்டேன். ஹாரஸ் இரண்டு பாதிகளால் ஆனது: கையாளும் எளிமை, திரையில் தெரிவது புரிவது. பாதியை மட்டும் எடுத்தால் அதன் மொத்த மதிப்பெண்ணை வேறெவருடைய மதிப்பெண்ணோடும் ஒப்பிட முடியாது. எனக்கு ஒப்பீடு வேண்டாம். "கை சோர்ந்தது", "போன் நழுவப் பார்த்தது" போன்ற வரிகள்தான் வேண்டும். பொதுவான கேள்வித்தாள் எதுவும் அதைக் கேட்பதில்லை.

தலையில் மாட்டும் கருவியாக இருந்தால் குமட்டல், தலைச்சுற்றல் பற்றிய கேள்வித்தாளும் சேர வேண்டும். கென்னடி குழுவினரின் 1993-ஆம் ஆண்டுத் தாளில் 16 அறிகுறிகள் இருக்கின்றன. போனுக்கு "கண்ணோ தலையோ வலித்ததா" என்ற ஒற்றைக் கேள்வியோடு விட்டுவிட்டேன்.

எஸ்யூஎஸ்ஸைத் தமிழாக்குவதில் ஓர் எச்சரிக்கை. அதில் ஒற்றைப்படை வரிகள் பாராட்டு, இரட்டைப்படை வரிகள் குறை. "தேவையில்லாமல் சிக்கலாக இருந்தது" என்ற வரிக்கு "ஒத்துக்கொள்ளவில்லை" என்று பதில் போட வேண்டும். இல்லாமலுக்கு எதிராக இல்லை என்று வரும்போது தமிழில் நாக்கும் மூளையும் ஒருசேரத் தடுமாறுகின்றன. முன்னோட்ட நண்பர் பாராட்டுக்கும் ஆமாம், குறைக்கும் ஆமாம் போட்டிருந்தார். "வீணாகச் சிக்கல்" என்று மாற்றி, ஒவ்வொரு வரியையும் நானே வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு அது குறைந்தது. முதல் வரி "இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்" என்கிறது. அலமாரியை யார் அடிக்கடி வாங்குகிறார்கள்? "தேவைப்படும்போதெல்லாம்" என்று திருத்தினேன்.

வந்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் இருந்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது நீல்சன், லாண்டவர் இருவரின் 1993-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வந்த வழக்கம். ஒரு குறை ஒருவர் கண்ணில் படும் வாய்ப்பு 31 விழுக்காடு என்று வைத்தால் ஐந்து பேருக்கு 84 விழுக்காடு வரும். அந்தக் கணக்கில் அறை கிடையாது. ஏஆரில் அறையும் செயலியின் ஒரு பாகம். ஒரே அறையில் ஆறு பேர் என்றால் எனக்குத் தெரிவது அந்த ஓர் அறையின் குறைகள்தான். முதல் சுற்றில் இதைக் கவனிக்கவில்லை. ஆறு என்று முடிவு செய்ததில் ஒரு வசதி இருந்தது: மூன்று இடங்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம், ஆளுக்கொரு வரிசை. அந்த வசதி பின்னால் என்னைக் காப்பாற்றியது.

திரைக்கு வெளியே ஒரு கேமரா

முன்னோட்டத்தில் திரைப்பதிவு மட்டும் ஓடியது. அதைப் போட்டுப் பார்த்தபோது, ஓரிடத்தில் அலமாரி இருபது நொடி அசையாமல் நின்றது. நண்பர் யோசிக்கிறார் என்று நினைத்தேன். கேட்டால், இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு இளைப்பாறிக்கொண்டிருந்தாராம். திரைப்பதிவில் கை தெரியாது.

மறுநாளிலிருந்து அறை மூலையில் ட்ரைபாடில் இன்னொரு போன் வைத்து, ஆளின் முழு உடம்பும் தெரியும்படி பதிவு செய்தேன். இரண்டு பதிவுகளையும் ஒன்றுசேர்க்க, சோதனை தொடங்கும்போது செயலியின் கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டுவேன். இரண்டு வீடியோவிலும் உள்ளங்கைகள் ஒட்டும் படத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் பிசகாது. இந்தச் சோதனையில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இந்தப் பக்கவாட்டுக் கேமராவைத்தான் சொல்வேன்.

"செய்துகொண்டே நினைப்பதைப் பேசுங்கள்" என்று கேட்பது பயனர் சோதனையில் வழக்கம். மேசையில் உட்கார்ந்து கணினி பார்ப்பவர் பேசுவார். போனை நீட்டிப் பிடித்து, நடந்து, குறிபார்த்து, தள்ளுகிறவர் பேச்சை நிறுத்திவிடுகிறார். அல்லது பேசுவதற்காக நடையை நிறுத்துகிறார், அதோடு என் நேரக்கணக்கு கெட்டுவிடுகிறது. அதனால் மௌனமாகச் செய்யவிட்டு, முடிந்தவுடன் வீடியோவைப் போட்டுக் காட்டி "இங்க என்ன நினைச்சீங்க?" என்று கேட்டேன். பதில்கள் இன்னும் நேர்மையாக வந்தன. தன் கையைத் தானே வெளியிலிருந்து பார்க்கும்போது மனிதர்கள் கூச்சமில்லாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

அசைக்கவும்

செயலியைத் திறந்தவுடன் திரையில் வரும் வரி: "போனை மெதுவாக அசைக்கவும்." ஆங்கிலத்தில் பல ஏஆர் செயலிகள் காட்டும் வரியின் தமிழ். நான்தான் எழுதினேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

முதலில் வந்த பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். வரியைப் படித்தார். மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோல மணிக்கட்டை மட்டும் ஆட்டினார். தரை கிடைக்கவில்லை. "மெதுவாக" என்று இருப்பதைப் பார்த்து இன்னும் மெதுவாக ஆட்டினார். 48 நொடி. "தம்பி, நான் சரியாத்தான ஆட்டுறேன்?" என்று கேட்டார். சரியாகத்தான் ஆட்டினார். தமிழில் அசைப்பது என்றால் அதுதான். நகர்த்துவது வேறு, நகர்வது வேறு. ஆறு பேரில் நான்கு பேர் ஏதோ ஒரு விதத்தில் ஆட்டினார்கள். ஒருவர் நின்ற இடத்திலேயே பனோரமா எடுப்பதுபோல ஒரு வட்டம் சுற்றினார். அதிலும் போன் இடம் பெயரவில்லை, தூரம் கிடைக்கவில்லை. சொல்லாமலே பக்கவாட்டில் நடந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு 6 நொடியில் அலமாரி வந்தது.

அடுத்த வரி: "தளம் கண்டறியப்பட்டது." கல்லூரியில் படிக்கும் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "எந்தத் தளம்ணா? நெட் வேணுமா?" என்றார். இன்னொருவர் எத்தனையாவது தளம் என்று கேட்பதாக நினைத்திருக்கிறார், வீடியோ பார்க்கும்போது சொன்னார். நிரலாளருக்கு அது பிளேன், அதாவது சமதளம். மற்ற எல்லாருக்கும் அது தரை.

திருத்தம் இரண்டே வரி. "போனைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் ஓர் அடி நகருங்கள்." பிறகு, "தரை கிடைத்தது. வைக்க வேண்டிய இடத்தைத் தொடுங்கள்." வரியின் பக்கத்தில், மனித உருவம் ஒன்று போனோடு ஓரடி எடுத்து வைக்கும் சிறு அசைபடம். முன்பு அங்கே கையும் போனும் மட்டும் இருந்தன. உடம்பே இல்லாத படத்தைப் பார்த்தவர்கள் உடம்பை நகர்த்தாததில் வியப்பில்லை.

கையும் கண்ணும் சூடும்

பக்கவாட்டு வீடியோவை ஒவ்வொரு நொடியாகப் பார்த்துக் குறித்தேன். போனை நெஞ்சுயரத்தில் தூக்கிப் பிடித்த ஆறு பேருமே ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் கையை மாற்றினார்கள், அல்லது இன்னொரு கையால் தாங்கினார்கள், அல்லது முழங்கையை இடுப்பில் ஊன்றினார்கள். முழங்கை இடுப்புக்கு வந்த கணத்தில் கேமரா தாழ்கிறது, அலமாரியின் தலை திரைக்கு மேலே போய்விடுகிறது. அதைப் பார்க்க மறுபடி கை உயர வேண்டும்.

180 செ.மீ. உயரமான பொருள் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும். கண்ணெல்லாம் திரையில். மூன்று பேர் திரும்பிப் பார்க்காமலே பின்னோக்கி நடந்தார்கள். ஒருவர் நாற்காலியில் இடித்துச் சாய்ந்தார், பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் ஒவ்வொரு முறையும் பின்னால் நான் நின்றேன், நாற்காலிகளை வெளியே எடுத்துவிட்டேன். சோதனை நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே செய்யுங்கள்.

இரட்டைக் கண்ணாடி போட்ட அந்தப் பெண்மணி, எழுத்தைப் படிக்கக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வேண்டும் என்பதால் போனை வயிற்றுக்கு நேரே தாழ்த்திப் பிடித்தார். கேமரா அவர் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இடம் மாற்று" பொத்தான் திரையின் மேல்மூலையில் இருந்தது. ஒரு கையில் போன் தொங்கும்போது கட்டைவிரல் அங்கே எட்டாது. பொத்தான்களைக் கீழே இறக்கினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். கூடவே "படத்தை நிறுத்து" என்று ஒரு பொத்தான் சேர்த்தேன். அழுத்தினால் அந்தக் காட்சி உறையும். கையைத் தாழ்த்தி, உட்கார்ந்துகூட நிதானமாகப் பார்க்கலாம். இரண்டாம் சுற்றில் ஆறு பேரும் கேட்காமலே பயன்படுத்திய ஒரே வசதி இதுதான்.

சூடு விஷயத்தில் கிட்டத்தட்ட ஏமாந்திருப்பேன். நேரங்களை எக்ஸெலில் போட்டபோது கதவோர இடத்துக்குச் சிலர் அதிக நேரம் எடுத்திருந்தார்கள், சிலர் எடுக்கவில்லை. ஆளுக்கொரு வரிசை வைத்திருந்ததால்தான் பிடிபட்டது: எந்த இடமாக இருந்தாலும் மூன்றாவதாக வந்த இடம் தாமதமாகியிருந்தது. ஏஆரும் திரைப்பதிவும் சேர்ந்து ஓடியதில் போன் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. பதிவேட்டில் நொடிக்கு 30 படமாக இருந்தது 20-க்குக் கீழே இறங்கியிருந்தது. எல்லாருக்கும் ஒரே வரிசை கொடுத்திருந்தால் "கதவோரம் வைப்பது கடினம்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அதற்குப் பிறகு ஓர் இடம் முடிந்ததும் செயலியை மூடி, போன் தொட்டால் குளிரும்வரை காத்திருந்தேன்.

86 செ.மீ.

இனி இரண்டாவது இடம். இடைவெளி 86, அலமாரி 90. நான்கு சென்டிமீட்டர் சுவருக்குள் போக வேண்டும்.

ஆறு பேரில் நான்கு பேர் "நிக்கும்" என்றார்கள். உறுதி எவ்வளவு? 5, 4, 5, 4. சரியாகச் சொன்ன இருவர் கொடுத்தது 3, 2. தவறியவர்கள்தான் அதிக உறுதியோடு இருந்தார்கள்.

எஸ்யூஎஸ் கணக்கு: ஒற்றைப்படை வரிகளில் போட்ட எண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-லிருந்து அந்த எண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். 0 முதல் 100 வரை வரும்; அது விழுக்காடு ஆகாது. ஆறு பேரின் மதிப்பெண்கள் 87.5, 82.5, 90, 72.5, 77.5, 85. சராசரி 82.5. பல நூறு ஆய்வுகளைத் திரட்டியதில் பொதுச் சராசரி 68 என்பார்கள். அப்படியென்றால் என் செயலி நன்றாகவே தேறிவிட்டது, தவறான பதிலைக் கொடுத்துக்கொண்டே.

90 கொடுத்தவர் தவறிய நால்வரில் ஒருவர். அவரிடம் வீடியோவைக் காட்டினேன். அலமாரியின் இடது பக்கம் சுவர்மேல் ஏறிக்கொண்டிருப்பது திரையில் தெரிகிறது, ஆனால் அது ஏறியதுபோலத் தோன்றவில்லை. போனுக்குச் சுவர் எங்கே என்று தெரியாது. அது வெற்றுச் சுவர். தெரியாததால் அலமாரியைச் சுவருக்கு முன்னால் வரைந்துவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கு, அலமாரி சுவரை ஒட்டிக் கச்சிதமாகப் பொருந்தியதுபோல் இருந்தது. "பாருங்க, அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு" என்று வீடியோவைப் பார்க்கும்போதுகூடச் சொன்னார். பிறகு டேப்பைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். அளந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப இது எதுக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு இரண்டு நாள் இருந்தேன். ஆய்வாளர் ரொனால்ட் அசுமா 1997-ல் ஏஆருக்குக் கொடுத்த வரையறையில் மூன்று நிபந்தனைகள்: மெய்யும் புனைவும் கலக்க வேண்டும், உடனுக்குடன் ஊடாட வேண்டும், புனைவு முப்பரிமாண வெளியில் தன் இடத்தில் பொருந்தியிருக்க வேண்டும். முதல் இரண்டும் அழகாக நடந்தால் மூன்றாவதும் நடந்துவிட்டதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. நானும் அதற்குத் துணை போயிருந்தேன். அலமாரி தரையில் மிதப்பதுபோல் இருக்கிறது என்று முன்பு ஒருவர் சொன்னதற்காக அடியில் மெல்லிய நிழல் சேர்த்திருந்தேன். நிழல் விழுந்ததும் அது கனமாக, உண்மையாக, சரியாக நிற்பதுபோல் ஆனது. இடப்பிழை அப்படியே இருந்தது. அதைச் சந்தேகிக்கும் வாய்ப்பை மட்டும் நிழல் எடுத்துவிட்டது.

கதவோர இடத்தில் வேறு மாதிரி நடந்தது. மூன்று பேர் எழுந்து போய் நிஜக் கதவைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் மூவரும் சரியாகச் சொன்னார்கள். திறக்காத மூவரும் தவறினார்கள். நிஜப்பொருளைத் தொட்டவர்கள் பிழைத்தார்கள். திருத்தத்துக்கு வழி அங்கே கிடைத்தது.

திருத்தியதும் இரண்டாம் சுற்றும்

மூன்று மாற்றங்கள். செயலிக்குச் சுவர் தெரியும்போது, அலமாரி அதற்குள் புகுந்தால் அந்த விளிம்பு சிவக்கும். சுவர் தெரியாதபோது பேசாமல் இருக்காது. "இந்தப் பக்கச் சுவர் எனக்குத் தெரியவில்லை" என்று அந்த விளிம்பைக் கோடுகோடாகக் காட்டும். மூன்றாவது, இடைவெளி இறுக்கமாக இருந்தால் ஒரு வரி வரும்: "சில செ.மீ. முன்பின் இருக்கலாம். டேப் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்." முதல் நாள் ஒட்டுநாடாக் குறியில் அளந்த விலகல்தான் அந்த வரியை எழுதும் துணிவைக் கொடுத்தது.

இரண்டாம் சுற்றுக்கு வேறு ஆறு பேர். மூவர் பகலில், மூவர் இரவு விளக்கில், விரிப்பை எடுத்துவிட்டு. அலமாரி முதலில் தோன்ற எடுத்த நேரம் எல்லாருக்கும் 15 நொடிக்குள் வந்துவிட்டது. யாரும் போனைக் குலுக்கவில்லை. 86 செ.மீ. இடத்தில் ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள். தவறிய ஒருவர் விளக்கு வெளிச்சத்தில், கோடுகோடான விளிம்பை அலமாரியின் அலங்காரம் என்று நினைத்துவிட்டார். அதை இன்னும் திருத்த வேண்டும். சரியாகச் சொன்ன ஐவரின் உறுதி 3, 4, 3, 3, 4.

எஸ்யூஎஸ் 75, 80, 67.5, 77.5, 70, 80. சராசரி 75. முதல் சுற்றைவிட 7.5 குறைவு. ஆறுக்கு ஆறு, அதுவும் வேறு வேறு ஆட்கள் என்பதால் இந்த வித்தியாசத்தின்மேல் பெரிய பாரம் ஏற்ற மாட்டேன். ஆனால் காரணத்தை அவர்களே சொன்னார்கள்: "நடுவுல நடுவுல எச்சரிக்கை வருது", "தெரியலைன்னு சொல்லுது". பழைய வடிவத்தை எடுத்துப் போட்டால் மதிப்பெண் ஏறும் என்று எனக்குத் தெரியும். புதிய வடிவத்தைத்தான் வைத்திருக்கிறேன்.

கடைசியாக வந்தவர் இரவில் வந்தார். இரண்டாவது இடத்தில் அலமாரியை வைத்தார், தள்ளினார், படத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தாழ்த்தி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஒரு டேப் இருந்தா குடுங்களேன்" என்றார்.